ஃபிரெட் குட்வின் திருடனா? ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து கவிழ்ந்த கதை

கேள்வி (2 ஜூன் 2025)

நாட்வெஸ்ட் வங்கிக் குழுமத்தில் (ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து என்று முன்னால் பெயர் வைத்திருந்ததுதான்) வைத்திருந்த கடைசிப் பங்கையும் இங்கிலாந்து அரசு போன வெள்ளிக்கிழமை விற்றுவிட்டது. 2008-இலும் 2009-இலுமாக மக்கள் வரிப்பணம் 4,550 கோடி பவுண்டு போட்டார்கள். திரும்பி வந்தது 3,500 கோடி சொச்சம். தலைமை நிர்வாகியாக இருந்து அந்த வங்கியைக் கவிழ்த்த ஃபிரெட் குட்வின் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை, பென்ஷனும் வாங்குகிறார். நம் ஊரில் நகைக்கடனில் பத்தாயிரம் ரூபாய் இடித்தால் கிளார்க் சஸ்பெண்ட். இவர் திருடன் இல்லையென்றால் வேறு யார் திருடன்?

2 ஜூன், இரவு

திருடன் இல்லை தம்பி. சங்கடமே அதில்தான் இருக்கிறது. திருடனாக இருந்திருந்தால் விஷயம் சுலபம். விஜிலென்ஸ் வரும், சார்ஜ் ஷீட் கொடுப்பார்கள், கதை முடியும். குட்வின் செய்த பெரிய காரியங்களுக்கெல்லாம் போர்டு தீர்மானம் இருந்தது, பங்குதாரர் ஓட்டு இருந்தது, கட்டுப்பாட்டு ஆணையமும் குறுக்கே நிற்கவில்லை.

34 வருஷம் ஒரு பொதுத்துறை வங்கியில், பெரும்பாலும் கடன் பிரிவில், குப்பை கொட்டியவன் நான். 2008-இலிருந்து இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘உங்களுக்கு என்ன சொந்தமா, பந்தமா?’ என்று வீட்டில் கேட்கிறாள். பதில் கீழே எங்காவது வந்தாலும் வரும்.

ஆள் 1958-இல் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா எலக்ட்ரீஷியன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு டச் ரோஸ் என்ற தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஆனார். 1988-இல் பார்ட்னர். அப்பன் பணத்தில் வந்தவர் கிடையாது, பிரபுக் குடும்பமும் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1991 ஜூலையில் பிசிசிஐ வங்கியை இழுத்து மூடினார்கள். (கிரிக்கெட் வாரியம் இல்லை. ஆகா ஹசன் அபெதி ஆரம்பித்த அந்த வங்கி. அதன் பம்பாய் கிளையைப் பிறகு நம் ஸ்டேட் வங்கி எடுத்துக்கொண்டது.) செத்துப்போன அந்த வங்கியின் கணக்கைப் பிரித்து, கடன் கொடுத்தவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று பார்க்கும் வேலையில் முன்னால் நின்றவர் குட்வின். ஒரு வங்கி எப்படிச் சாகும் என்பதை உள்ளே கைவிட்டுப் பார்த்தவர். அவரே பதினேழு வருஷம் கழித்து அதைவிடப் பல மடங்கு பெரிய வங்கியை அந்த நிலைக்குக் கொண்டுபோனார். என்னைப் பிடித்து இழுத்தது இந்த இடம்தான்.

3 ஜூன், காலை

எழுத்தைப் பற்றி ஒன்று. நான் ‘ஃபிரெட்’ என்று ஆய்தம் போட்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. பட்டப்பெயர் ‘ஃபிரெட் த ஷ்ரெட்’, அதாவது செலவையும் ஆளையும் துண்டு துண்டாக நறுக்குபவர். இதை என் அக்கா மகனிடம் சொன்னபோது, ‘யார் மாமா பிரெட்டைத் துண்டு போட்டது, டோஸ்ட்டுக்கா?’ என்று கேட்டான். அன்றிலிருந்து ஆய்தத்தை விடுவதில்லை.

3 ஜூன், மதியம்

நாட்வெஸ்ட் கதையைச் சொல்லாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாது.

1995-இல் கிளைட்ஸ்டேல் வங்கி. அப்போது அது நேஷனல் ஆஸ்திரேலியா வங்கியின் கையில் இருந்தது. செலவைக் குறைத்துப் பேர் வாங்கினார். 1998-இல் ஜார்ஜ் மேத்யூசன் இவரை ஆர்பிஎஸ்ஸுக்கு, அதாவது ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கு, இழுத்துக்கொண்டார். 1727-இல் எடின்பரோவில் பிறந்த வங்கி அது. பெருமைக்குக் குறைவில்லை, ஆனால் லண்டன்காரர்களின் கண்ணில் மாகாண வங்கிதான்.

2000-இல் அந்த மாகாண வங்கி, தன்னைப்போல மூன்று மடங்கு இருந்த நாட்வெஸ்ட்டை விழுங்கியது. நாட்வெஸ்ட் விரும்பி வரவில்லை. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் அதே இரைக்கு வலை வீசியது. எடின்பரோவின் இரண்டு பழைய வங்கிகளும் லண்டன் வங்கி ஒன்றுக்காக அடித்துக்கொண்டன. ஏறக்குறைய 2,100 கோடி பவுண்டுக்கு ஆர்பிஎஸ் வென்றது.

வாங்குவது பெரிய விஷயம் இல்லை, வாங்கியபின் சேர்ப்பதுதான் கஷ்டம். எங்கள் வங்கியோடு ஒரு சின்ன வங்கியைச் சேர்த்தபோது இரண்டு கணினி முறைகளையும் ஒத்துப்போக வைப்பதற்குள் கிளைகளில் பட்ட பாடு எனக்குத் தெரியும். வாடிக்கையாளரின் இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதிலேயே ஆறு மாதம் போனது. குட்வின் நாட்வெஸ்ட்டின் கணக்குகள் முழுவதையும் ஆர்பிஎஸ்ஸின் கணினிக்குச் சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றிக் காட்டினார். ஏறக்குறைய 18,000 வேலைகள் போயின. இதற்காக ஹார்வர்டில் பாடமே எழுதினார்கள். 2001-இல் தலைமை நிர்வாகி. 2004-இல் ‘வங்கித் துறைக்கு ஆற்றிய சேவைக்காக’ சர் பட்டம்.

அங்கேதான் கோளாறு ஆரம்பம் என்பது என் கட்சி. தோல்வியால் கெட்டவர்களைவிட முதல் வெற்றியால் கெட்டவர்கள் அதிகம். ஒரு தடவை ஊரே வேண்டாம் என்று சொன்னதைச் செய்து ஜெயித்தவனிடம் அடுத்த தடவை யார் வேண்டாம் என்று சொல்வார்கள்?

4 ஜூன்

ஃபைலைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேனா? இல்லை போலிருக்கிறது. சரி, இப்போது எழுதுகிறேன்.

1994. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளை. ஒரு அரிசி ஆலைக்கு ஆறு லட்சம் கடன் கேட்டு வந்தார்கள். அந்த ஃபைலை இப்போதும் கண் முன்னால் பார்க்கிறேன். பழுப்பு அட்டை, குறுக்கே வெள்ளை நாடா. உள்ளே மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, என்ஜினியர் மதிப்பீடு, மூன்று வருஷத்து வரவு செலவு, ஜாமீன்தாரரின் சொத்து விவரம். கட்டினால் ஒரு சாண் உயரம். வில்லங்கத்தில் 1971-இல் ஒரு பாகப்பிரிவினைப் பதிவு இருந்தது. கட்டிக்கொடுத்த அக்காவின் கையெழுத்து அதில் இல்லை. அந்த அம்மாவைத் தேடி மன்னார்குடிவரை டிவிஎஸ் 50-இல் போனேன். விடுதலைப் பத்திரம் வாங்கிய பிறகுதான் கடன்.

இப்போது ஆர்பிஎஸ். 2007-இல் நெதர்லாந்தின் ஏபிஎன் ஆம்ரோவை வாங்கினார்கள். விலை 7,100 கோடி யூரோ. அதுவரை உலகத்திலேயே அவ்வளவு பெரிய வங்கி வாங்கல் நடந்ததில்லை. வாங்குவதற்கு முன்னால் அந்த வங்கியைப் பற்றி இவர்கள் கையில் இருந்தது என்ன? பிரிட்டனின் நிதிச் சேவை ஆணையம் 2011 டிசம்பரில் வெளியிட்ட நானூற்றுச் சொச்சம் பக்க அறிக்கையில் இருக்கிறது: இரண்டு பெரிய ஃபைல், ஒரு சிடி.

இரண்டு ஃபைல், ஒரு சிடி. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

5 ஜூன்

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, ஆர்பிஎஸ் தனியாக வாங்கவில்லை. ஸ்பெயினின் சான்டன்டேர், பெல்ஜியத்தின் ஃபோர்டிஸ், ஆர்பிஎஸ் என்று மூன்று பேர் கூட்டு. பசுவை வாங்குமுன்பே யாருக்குக் கால், யாருக்குத் தொடை என்று பங்கு போட்டாயிற்று. ஆர்பிஎஸ் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்.

இரண்டு, ‘இரண்டு ஃபைல், ஒரு சிடி’ கிண்டல் முழுக்க நியாயம் இல்லை. நான்தான் ருசிக்காகக் கொஞ்சம் மசாலா சேர்த்துவிட்டேன். போட்டியில் ஒரு கம்பெனியைப் பிடிக்கும்போது அந்தக் கம்பெனி தன் கணக்கையெல்லாம் உங்களுக்குத் திறந்து காட்டாது. எதிரில் போட்டிக்கு பார்க்லேஸ் வங்கி நின்றது, ஏபிஎன் ஆம்ரோ நிர்வாகத்துக்கும் அவர்களைத்தான் பிடித்திருந்தது. நாட்வெஸ்ட்டையும் குட்வின் இப்படி அரைகுறையாகப் பார்த்துத்தான் வாங்கினார், நன்றாகவே முடிந்தது. பிறகு ஏன் பயப்படப் போகிறார்?

ஆனால் ஒன்றை மன்னிக்க முடியாது. ஏபிஎன் ஆம்ரோவில் ஆர்பிஎஸ் ஆசைப்பட்டது முக்கியமாக லசால் என்ற அமெரிக்க வங்கிக்கு. சிகாகோ பக்கம் கிளைகள். அதைத் தனியாகப் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு 2,100 கோடி டாலருக்கு விற்க ஏபிஎன் ஆம்ரோ ஏப்ரலிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டது. விற்கலாம் என்று நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் ஜூலையில் சொன்னது. பெண் வேறு வீட்டுக்குப் போயாயிற்று, இவர்கள் பந்தலைப் பிரிக்கவில்லை. ஆகஸ்டில் பங்குதாரர் கூட்டம், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆதரவு. செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் ஜனங்கள் பணம் எடுக்க வரிசையில் நின்றார்கள். அக்டோபரில் வாங்கல் முடிந்தது. பெரும்பாலும் ரொக்கம். அதற்கு ஆர்பிஎஸ் திரட்டியது பெரும்பகுதி கடன், அதிலும் பாதிக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் திருப்பவேண்டிய கடன். கந்துவட்டி வாங்கி நிலம் வாங்குகிறவனைக் கிராமத்தில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

தோற்ற பார்க்லேஸ் பிழைத்தது. ஃபோர்டிஸ் 2008-இலேயே உடைந்தது. சான்டன்டேர் மட்டும் கெட்டிக்காரத்தனமாக பிரேசில் வங்கியை வைத்துக்கொண்டு, இத்தாலியத் துண்டை மோன்டே டெய் பாஸ்கி தலையில் 900 கோடி யூரோவுக்குக் கட்டியது. 1472-இல் பிறந்த அந்த வங்கியும் பிற்பாடு அரசாங்கத்திடம் கையேந்தியது. பேய் பிடித்த பாத்திரம் மாதிரி கை மாற மாற ஒவ்வொரு வீடாக விழுந்தது.

5 ஜூன், இரவு

மேலே ‘பாதிக்கு மேல் ஒரு வருஷத்துக்குள்’ என்றது ஏபிஎன் ஆம்ரோவுக்காக வாங்கிய கடனை மட்டும்தான். வங்கியின் மொத்தக் கடனை இல்லை. ஆனால் அந்த மொத்தத்திலும் குறுகிய காலக் கடன் வேண்டிய மட்டும் இருந்தது.

7 ஜூன்

‘அப்படியானால் அவர்மேல் தப்பே இல்லையா?’ என்று கேட்டிருக்கிறார்கள். எப்போது அப்படிச் சொன்னேன்? திருடன் இல்லை என்றால் நல்லவன் என்று அர்த்தமா?

2007 கடைசியில் ஆர்பிஎஸ்ஸின் ஐந்தொகை 1.9 லட்சம் கோடி பவுண்டு. பிரிட்டன் என்ற நாடு ஒரு வருஷம் உழைத்துச் சம்பாதிப்பதைவிட அதிகம். அதன் அடியில் இருந்த சொந்த மூலதனமோ பாயைப்போல மெல்லியது. 2008 ஏப்ரலில் பங்குதாரர்களிடமே திரும்பப் போய், ஒரு பங்கு 200 பென்ஸ் என்று 1,200 கோடி பவுண்டு திரட்டினார்கள். ‘தேவைப்படாது, ஆனாலும் கேட்கிறோம்’ என்ற மாதிரி ஒரு தோரணை. வாங்கியவர்களில் வங்கியின் ஊழியர்களும் உண்டு. நாட்வெஸ்ட் கிளையில் கவுண்ட்டரில் நின்றவர்கள், தங்கள் சேமிப்பை.

அக்டோபர் 7. நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் லக்சம்பர்க்கில் ஐரோப்பிய நிதியமைச்சர்கள் கூட்டத்தில் இருக்கிறார். ஆர்பிஎஸ் தலைவர் டாம் மெக்கில்லப்பிடமிருந்து போன். பணம் வெளியே ஓடுகிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டதற்கு, ஒன்றிரண்டு மணி நேரம் என்று பதில் வந்ததாக டார்லிங் பிற்பாடு சொன்னார். அதே வாரக் கடைசியில் பேச்சுவார்த்தை, 13-ஆம் தேதி திங்கட்கிழமை அரசுப் பணம் அறிவிப்பு, குட்வின் விலகல். அந்த வருஷ நஷ்டம் 2,410 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் கம்பெனி எதுவும் அதற்கு முன்னால் அவ்வளவு நஷ்டம் காட்டியதில்லை.

பென்ஷனுக்கு வருவோம். வயது 50. முழுப் பென்ஷன் கொடுத்து அனுப்பினார்கள், வருஷத்துக்கு ஏழு லட்சம் பவுண்டு. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஐந்து கோடி ரூபாய். சீக்கிரம் போகிறவருக்குக் கழிக்கவேண்டியதைக் கழிக்கவில்லை. போர்டு கேட்டுக்கொண்டதால் போகிறார் என்று எழுதிக்கொண்டால் கழிக்கத் தேவையில்லையாம், விதி அப்படி. செய்தி வெளியே வந்ததும் எடின்பரோ வீட்டின் ஜன்னலையும் காரையும் யாரோ உடைத்தார்கள். 2009 ஜூனில் அவரே பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார், 3,42,500 பவுண்டு.

பாதியே இவ்வளவு! நானும் என் சகாக்களும் பழைய பென்ஷனை உயர்த்திக் கேட்டு வெயிலில் சாமியானா போட்டு உட்கார்ந்த நாள்கள் நினைவுக்கு வந்தன. மோர் மட்டும் நன்றாக இருந்தது.

8 ஜூன்

2009 பிப்ரவரி 10. நாடாளுமன்றக் குழு முன்னால் நான்கு பேர். ஆர்பிஎஸ்ஸிலிருந்து குட்வின், மெக்கில்லப். எச்பிஓஎஸ் என்ற இன்னொரு வங்கியிலிருந்து ஆண்டி ஹார்ன்பி, ஸ்டீவன்சன் பிரபு. நால்வரில் யாருக்காவது வங்கித் தொழில் தேர்ச்சிப் பட்டம் உண்டா என்று கேட்டார்கள். ஒருவருக்கும் இல்லை.

நான் சிஏஐஐபி, அதாவது நம் ஊர் வங்கித் தொழில் தேர்வு, பாஸ். இரண்டு இன்கிரிமென்ட் கொடுத்தார்கள். சொல்லிவைக்கிறேன்.

10 ஜூன்

‘கோர்ட்டு குட்வினின் சர் பட்டத்தைப் பிடுங்கியது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோர்ட்டு கிடையாது. பட்டங்களைத் திரும்பப் பெறுவதற்கென்று அங்கே அதிகாரிகள் குழு ஒன்று உண்டு. அது பரிந்துரைத்தது, 2012 பிப்ரவரி முதல் தேதி ராணி ரத்து செய்தார். இப்படிப் பட்டம் பறிபோனவர்கள் பட்டியலில் சோவியத் ரஷ்யாவுக்கு உளவு பார்த்த ஆன்டனி பிளன்ட், ருமேனியாவின் சௌசெஸ்கு, ஜிம்பாப்வேயின் முகாபே. நடுவில் ஒரு அக்கவுன்டன்ட்.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் கொஞ்சம் மலிவான காரியமாகப் படுகிறது. அதே போர்டில் கை தூக்கியவர்கள், பார்த்துக்கொண்டிருந்த ஆணையம், ‘சிட்டிக்கு (லண்டன் வங்கி வட்டாரத்துக்கு) லகான் வேண்டாம்’ என்று இருந்த அரசு எல்லோரும் ஒரு ஆள் தலையில் தேங்காய் உடைத்துவிட்டுக் கை கழுவினார்கள். அந்தப் பெரிய அறிக்கையே ஒப்புக்கொள்கிறது: கண்காணிக்கவேண்டியவர்கள் சரியாகக் கண்காணிக்கவில்லை. 2016-இல் ஸ்காட்லாந்து அரசு வழக்குத் துறை, கிரிமினல் வழக்குப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 200 பென்ஸ் கொடுத்து ஏமாந்த பங்குதாரர்கள் சிவில் வழக்குப் போட்டார்கள். 2017-இல் குட்வின் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டிய சமயத்தில் வங்கி ஒரு பங்குக்கு 82 பென்ஸ் என்று சமாதானம் பேசி முடித்தது. கடைசிவரை அவரைக் கூண்டில் வைத்துக் கேள்வி கேட்க யாருக்கும் வாய்க்கவில்லை. பட்டம் போனதைவிட இது எனக்குப் பெரிய குறை. கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது: ஜூலையில் லசால் போன அன்று ராத்திரி என்ன நினைத்தீர்கள்?

10 ஜூன், கொஞ்சம் கழித்து

சென்னையில் இன்றைக்கும் நாட்வெஸ்ட் அலுவலகம் இருக்கிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆர்பிஎஸ் என்ற பெயரில் வேலைக்குச் சேர்ந்து, 2020-இல் குழுமத்தின் பெயர் மாறியபோது கழுத்துப் பட்டையை மட்டும் மாற்றிக்கொண்டான். ‘குட்வின்னா யாரு அங்கிள்?’ என்றான். எடின்பரோ விமான நிலையத்துக்குப் பக்கம் கோகர்பர்னில் 35 கோடி பவுண்டு செலவில் கட்டி, 2005-இல் ராணியை அழைத்துத் திறந்த தலைமையகத்தைப் பற்றிச் சொன்னேன். அது பழைய மனநல மருத்துவமனை இருந்த இடம் என்றதும்தான் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

13 ஜூன்

மூன்று நாள் எழுதவில்லை. எழுதவேண்டியதை எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

மன்னார்குடிக்கு டிவிஎஸ் 50-இல் போன கதையைப் பெருமையாகச் சொன்னேன் இல்லையா? 2003-இல் நான் சீனியர் மேனேஜர், வேறு ஊர். ஒரு நூற்பாலை. வேறொரு வங்கியில் கணக்கு வைத்திருந்தார்கள், அதை நம்மிடம் கொண்டுவர வேண்டும். மார்ச் 20 தேதி. டார்கெட்டில் இன்னும் எட்டுக் கோடி குறைகிறது. இன்னொரு தனியார் வங்கியும் அதே பார்ட்டியை வளைத்துக்கொண்டிருக்கிறது. மண்டல அலுவலகத்திலிருந்து தினம் இரண்டு போன். பழைய வங்கியிலிருந்து வரவேண்டிய நடத்தை அறிக்கை வரவில்லை. ஸ்டாக் பார்க்கப் போனேன். குடோனில் முன் வரிசைப் பேல்களைத் தட்டிப் பார்த்தேன், பின் வரிசைக்குப் போகவில்லை. எல்லாம் சரி என்று எழுதினேன். அதற்கு முந்தைய வருஷம் அதே மாதிரி ஒரு பார்ட்டியைப் பிடித்துக் கொண்டுவந்து நல்ல பெயர் வாங்கியிருந்தேன். பாராட்டுக் கடிதம் கண்ணாடிக்குக் கீழே மேஜையில் இருந்தது.

ஒன்றரை வருஷத்தில் வாராக்கடன். பின் வரிசையில் இருந்தது கழிவுப் பஞ்சு.

ஐந்து பைசா நான் வாங்கவில்லை. விசாரணையில் எழுதினார்கள், ‘உள்நோக்கம் இல்லை’ என்று. ஒரு இன்கிரிமென்ட் வெட்டினார்கள், அதோடு சரி. அந்தப் போட்டி வங்கிக்காரன் மட்டும் இல்லாதிருந்தால் நான் பின் வரிசைக்குப் போயிருப்பேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். போயிருப்பேனா தெரியாது. வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

14 ஜூன்

தனியாகச் செய்தி அனுப்பியவர்களுக்கு நன்றி. எட்டுக் கோடியில் முழுசாக நஷ்டம் இல்லை, நிலத்தை ஏலம் விட்டதில் பாதிக்கு மேல் வந்தது. பிரிட்டிஷ் அரசின் விகிதத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை, அவர்களுக்கு முக்கால் பங்குக்கு மேல் திரும்பியது.

அரிசி ஆலைக் கடன் என்ன ஆயிற்று என்று தம்பி கேட்கிறார். கடைசித் தவணைவரை கட்டினார்கள். ஆலை இப்போது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம். போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பழைய புழுங்கல் தொட்டி இருந்த இடத்தில் கை கழுவும் குழாய் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வரவில்லை.